சொன்ன தேதியில் வீடு

சீருடைக்குள் ஒரு மனிதர் – 7

விபத்தில் அடிபட்டவரை அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இறக்கிவிட்ட பிறகு 108 ஆம்புலன்சுக்குள் நடப்பதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஸ்ட்ரெச்சரில் உறைந்துபோன ரத்தத்தைத் துடைக்க வேண்டும். வண்டியின் தரையைக் கிருமிநாசினி ஊற்றிக் கழுவ வேண்டும். பஞ்சு, கையுறை, கிழித்தெடுத்த சட்டைத் துணி எல்லாவற்றையும் பையில் போட்டுக் கட்ட வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். படிவம் நிரப்ப வேண்டும். வண்டி தயார் என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்ன மறுநிமிடமே அடுத்த அழைப்பு வரலாம். அது பிரசவமாக இருக்கலாம், மாரடைப்பாக இருக்கலாம், நெடுஞ்சாலையில் இன்னொரு விபத்தாகவும் இருக்கலாம். 'பைலட்' என்று அழைக்கப்படும் ஓட்டுநருக்கும் பின்னால் இருக்கும் மருத்துவ உதவியாளருக்கும் 12 மணி நேர ஷிஃப்ட். பத்து நிமிடத்துக்கு முன் யாருடைய கையைப் பிடித்திருந்தோம் என்று நினைத்துப் பார்க்க அதில் இடமில்லை.

ஒரே ஒரு கொடூரக் காட்சி மனிதரை எப்படி ஆட்டிவைக்கும் என்று சென்ற வாரம் பார்த்தோம். சீருடை அணிந்தவர்களில் பெரும்பாலோரை அரிப்பது அதுவல்ல. பாதியில் கலையும் தூக்கம், கடைசி நேரத்தில் ரத்தாகும் லீவு, வெயிலில் மணிக்கணக்கில் நிற்கும் பந்தோபஸ்து, எல்லோர் முன்னிலையிலும் வாங்கும் ஏச்சு என்று ஆண்டுக்கணக்கில் சேரும் அழுத்தம்தான் அரிக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

அழுத்தம் உடலை என்ன செய்கிறது என்று ஆராய்ந்த ஹான்ஸ் செல்யே 1936-ல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். எலிகளைக் கடுங்குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், ஓட ஓட விரட்டினாலும் அவற்றின் உடல் ஒரே மாதிரி மாறுகிறது என்றார். அட்ரீனல் சுரப்பி வீங்குகிறது, தைமஸ் சுருங்குகிறது, வயிற்றில் புண் வருகிறது. முதலில் உடல் பதறுகிறது, பிறகு ஈடுகொடுக்கிறது, அதன் பின் களைத்துச் சாய்கிறது. 1993-ல் ஆய்வாளர்கள் புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் இதை இன்னும் துல்லியமாக விளக்கினார்கள். ஆபத்து நேரத்தில் அட்ரீனலினும் கார்டிசாலும் பொங்குவது உயிர் காக்கும் ஏற்பாடு. ஆபத்து நீங்கியதும் அவை அடங்க வேண்டும். அடங்காமல் போனாலோ, அடங்குவதற்குள் அடுத்தது வந்தாலோ, தொட்டி நிரம்பிய பிறகும் ஓடும் மோட்டாரைப் போல உடல் தேய்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது, இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, சர்க்கரை கட்டுக்குள் நிற்பதில்லை, தூக்கம் கெடுகிறது, எரிச்சல் கூடுகிறது.

இந்தத் தேய்மானம் எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களைப் பற்றிய ஓர் ஆய்வு இருக்கிறது. 1994 முதல் 2004 வரை பணியின்போது இறந்தவர்களின் கணக்கை ஸ்டெஃபானோஸ் கேல்ஸ் குழு எடுத்து 2007-ல் வெளியிட்டது. அந்த இறப்புகளில் ஏறத்தாழ 45 சதவீதத்துக்குத் தீ காரணமில்லை, புகை காரணமில்லை. இதய நோய்தான் காரணம். மொத்தப் பணி நேரத்தில் தீயை அணைக்கச் செலவாவது 1 முதல் 5 சதவீதம்தான். ஆனால் இதய நோயால் நேர்ந்த இறப்புகளில் 32 சதவீதம் அந்தச் சொற்ப நேரத்தில் நிகழ்ந்திருக்கிறது. ஏற்கெனவே பழுதான இதயம் உச்சகட்ட வேலையில் நின்றுபோகிறது. எரியும் கட்டடத்துக்குள் நுழைகிறவரின் ரத்த அழுத்தத்தை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம் என்பது அவருடைய ஹெல்மெட்டைப் போலவே உயிர் காக்கும் விஷயம்.

சரி, என்ன செய்யலாம்? இந்தக் கேள்விக்கு உலகம் முதலில் சொன்ன பதில் "பேசவை" என்பது. தீயணைப்பிலும் ஆம்புலன்சிலும் வேலை பார்த்து, பிறகு உளவியலுக்கு வந்த அமெரிக்கர் ஜெஃப்ரி மிட்செல் 1983-ல் ஒரு முறையை முன்வைத்தார். கோர சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் அதில் ஈடுபட்ட எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, என்ன பார்த்தாய், என்ன உணர்ந்தாய் என்று வரிசையாகப் பேசவைப்பது. அக்கறையில் பிறந்த யோசனை. பல நாடுகளில் பரவியது, சில இடங்களில் கட்டாயமும் ஆனது.

ஆராய்ந்து பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. பிரிட்டனில் ஜொனாதன் பிஸன் குழு தீக்காயம் பட்டவர்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 1997-ல் வந்தது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பான பி.டி.எஸ்.டி., 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு இருந்தது. சும்மா விடப்பட்டவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். பேசவைக்கப்பட்டவர்களுக்குக் காயம் சற்றுக் கடுமையாக இருந்தது என்ற விமர்சனம் உண்டு, அது நியாயமானதே. ஆனால் 2002-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வும், ஒரே அமர்வில் பேசவைத்து முடிப்பது பி.டி.எஸ்.டி.யைத் தடுக்கவில்லை என்றே சொன்னது. 2005-ல் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, இதை வாடிக்கையாகச் செய்ய வேண்டாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பேசுவது கெடுதல் என்று இதற்கு அர்த்தமில்லை. பேச விருப்பமில்லாத நேரத்தில், பேச விருப்பமில்லாதவரை, முன்பின் தெரியாதவர் முன் பேசவைப்பது உதவாது என்பதுதான் அர்த்தம்.

இந்த இடத்தில் பிரிட்டனின் ராயல் மரீன்ஸ் படை எடுத்த வழி எனக்குப் பிடித்தமானது. 1990-களின் பிற்பகுதியில் அவர்கள் 'ட்ரிம்' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். வெளியிலிருந்து நிபுணர் வருவதில்லை. படைப்பிரிவிலேயே நாலு பேர் மதிக்கிற ஒரு சார்ஜென்ட்டையோ கார்ப்பரலையோ தேர்ந்தெடுத்துச் சில நாள் பயிற்சி தருகிறார்கள். சம்பவம் நடந்து சுமார் மூன்று நாள் கழித்து அவர் அதில் சிக்கிய வீரரோடு தனியாக உட்காருகிறார். நடப்பதற்கு முன் எங்கே இருந்தாய், நடந்தபோது என்ன ஆயிற்று, அதன் பிறகு எப்படி இருக்கிறாய் என்று கதை கேட்பதைப் போலக் கேட்கிறார். தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறானா, குடி கூடியிருக்கிறதா, வேலையில் கவனம் நிற்கிறதா, பேசிப் பகிர ஆள் இருக்கிறதா என்பது போன்ற பத்து விஷயங்களை மனதில் குறித்துக்கொள்கிறார். சிகிச்சை எதுவும் தருவதில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து மறுபடியும் உட்கார்ந்து அதே பத்தையும் பார்க்கிறார். குறைந்திருந்தால் நல்லது. குறையாவிட்டால் மருத்துவரிடம் அழைத்துப் போகிறார். கடற்படைக் கப்பல்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மனநோயைத் தடுத்தது என்று நிரூபணமாகவில்லை. தீங்கும் செய்யவில்லை. ஒழுங்கு விஷயத்தில் மட்டும் ஓரளவு மேம்பாடு தெரிந்தது. இந்த அடக்கமான முடிவை நான் மதிக்கிறேன். எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதாகச் சொல்லும் திட்டங்களைவிட இது நம்பத்தகுந்தது.

அப்படிச் சொன்ன திட்டம் ஒன்றும் உண்டு. 2009-ல் அமெரிக்க ராணுவம், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மேன் துணையுடன், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு மன உறுதிப் பயிற்சி தொடங்கியது. நல்லதை நினை, நம்பிக்கையை வளர்த்துக்கொள் என்பது அதன் சாரம். அமெரிக்காவின் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்' அமைப்பின் குழு 2014-ல் ராணுவத்தின் இத்தகைய தடுப்புத் திட்டங்களை ஆராய்ந்துவிட்டு, பலவற்றுக்குப் பலன் தந்ததற்கான போதிய ஆதாரம் இல்லை என்று அறிக்கை கொடுத்தது.

ஏன் பலன் தெரியவில்லை? என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் பிறக்கும் இடம் ஒன்று, நாம் மருந்து தடவும் இடம் இன்னொன்று. அழுத்தம் பிறப்பது பணிமுறையில். பாடம் நடத்துவது தனிமனிதருக்கு.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் உணர்த்துகிறது. மூன்று ஆண்டுகளில் 13 மாதமோ அதற்கு மேலோ போர்க்களத்தில் கழித்த பிரிட்டிஷ் வீரர்களிடம் பி.டி.எஸ்.டி. கூடுதலாக இருந்தது. இது எதிர்பார்த்ததுதான். நான் திரும்பத் திரும்பப் படித்தது அதற்கு அடுத்த செய்தியை. எத்தனை நாளில் திரும்பலாம் என்று சொல்லி அனுப்பினார்களோ, அதைவிடக் கூடுதல் நாள் இருக்க நேர்ந்தவர்களிடமும் பாதிப்பு அதிகம் காணப்பட்டது. நீண்ட காலம் கஷ்டப்படுவது ஒரு சுமை. முடிந்துவிடும் என்று நம்பிய நாளில் முடியாமல் போவது அதற்கு மேல் இன்னொரு சுமை. ஊரில் பிள்ளைக்குக் காதுகுத்து, தேதி குறித்தாகிவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது, அப்போது லீவு ரத்து. சீருடைக் குடும்பங்களில் இதைச் சந்திக்காத வீடு இருக்குமா?

தூக்கத்தையும் இங்கேயே சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5,000 காவலர்களிடம் நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. அவர்களில் 40 சதவீதம் பேருக்குத் தூக்கக் கோளாறு இருப்பதற்கான அறிகுறிகள் தெரிந்தன. பெரும்பாலும் குறட்டையோடு மூச்சு அடைபடும் வகை. அப்படிப்பட்டவர்கள் வண்டி ஓட்டும்போது கண்ணயர்ந்ததும் அதிகம், பொதுமக்களிடம் கட்டுமீறிக் கோபப்பட்டதும் அதிகம். காவலரின் தூக்கம் அவருடைய சொந்த விவகாரம் இல்லை. அவரிடம் புகார் கொடுக்க வந்து நிற்கும் நமக்கும் அதில் பங்கு இருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழகக் காவல்துறை பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்துடன் சேர்ந்து 2018-ல் 'காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி'யைக் கொண்டுவந்தது. காவலர்களின் குடும்பத்தினரையும் கணக்கில் எடுத்துக்கொண்ட நல்ல முயற்சி. 2021 நவம்பரில், இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று அரசாணை வந்தது. நான் மேலே சொன்ன கணக்கில் பார்த்தால், பயிற்சியைவிட அரசாணைதான் பெரிய மருந்து. அழுத்தம் பிறக்கிற இடத்தில் கை வைத்தது அதுதான்.

ஆனால் அரசாணை காவலரின் வீட்டுக்கு நேராகப் போவதில்லை. ஸ்டேஷன் ரைட்டரின் மேசை வழியாகத்தான் போகிறது. அன்றாட டூட்டியைப் போடுகிறவர் அவர். பாராவுக்கு ஒருவர், கோர்ட்டுக்கு ஒருவர், சம்மன் கொடுக்க ஒருவர், கைதியை அழைத்துப்போக இருவர், இரவு ரோந்துக்கு இருவர். ஒருவர் மருத்துவ விடுப்பில் இருப்பார். இன்னொருவர் வேறிடத்துக்கு அயல்பணியில் போயிருப்பார். திடீரென்று அமைச்சர் வருகை அல்லது கோயில் திருவிழா. மிச்சமிருப்பது நாளை ஓய்வு என்று பெயர் எழுதப்பட்ட அந்த ஒரு காவலர்தான். அவருடைய பெயரை அடிப்பதைத் தவிர ரைட்டருக்கு வேறு வழி தெரிவதில்லை. அடிபட்ட ஓய்வுக்குப் பதில் நாள் எது என்று எங்கும் எழுதுவதும் இல்லை. வார ஓய்வு முறையாகக் கிடைக்கவில்லை என்ற குறை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனது. காலியிடங்களை நிரப்பாமல் ஓய்வு நாளை மட்டும் அறிவித்தால், ஒருவருடைய ஓய்வு இன்னொருவருடைய இரட்டை டூட்டி ஆகிவிடுகிறது.

மத்திய ஆயுதப் படைகளிலும் இதே கதைதான். ஆண்டுக்கு 100 நாளாவது வீரர்கள் குடும்பத்தோடு இருக்க வழி செய்வோம் என்று உள்துறை அமைச்சகம் 2019-ல் சொன்னது. 2018 முதல் 2022 வரையிலான ஐந்து ஆண்டுகளில் இந்தப் படைகளில் 654 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாக அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஒவ்வொன்றுக்கும் காரணங்கள் பல இருக்கும், ஒற்றைக் காரணம் சொல்வது தவறு. ஆனாலும் 654 குடும்பங்கள்.

தனி ஆள் செய்யக்கூடியது எதுவும் இல்லையா? இருக்கிறது. இரவு டூட்டி முடிந்த காலையில் மதுவைத் தொடாதிருப்பது முதலாவது. மது தூங்கவைப்பது போலத் தோன்றினாலும் தூக்கத்தின் ஆழத்தைக் கெடுக்கிறது. குறட்டை அதிகம் என்று வீட்டில் சொன்னால் சிரித்துத் தள்ளாமல் மருத்துவரைப் பார்க்கலாம். 35 வயதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்ப்பது நல்லது. துறைக்குள் யாரிடமும் சொல்லத் தயக்கமாக இருந்தால், டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அழைத்தால் பெயர் கெட்டுவிடுமோ, துப்பாக்கியை வாங்கிவிடுவார்களோ, பதவி உயர்வு போய்விடுமோ என்ற பயம் படைகளில் உண்டு. அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது பயப்படுகிறவர் இல்லை, அவருக்கு மேலே இருப்பவர். "நானும் ஒருமுறை டாக்டரைப் பார்த்தேன்" என்று ஒரு காவல் ஆய்வாளர் ரோல் காலில் சொன்னால், அது நூறு சுவரொட்டிக்குச் சமம்.

டூட்டி போடும் அதிகாரம் உள்ள ஒவ்வொருவரிடமும் எனக்கு இருக்கும் வேண்டுகோள் இதுதான். அடுத்த மாதத்தின் ஓய்வு நாட்களை இந்த மாதக் கடைசியிலேயே எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். அவசரத்துக்கு ஒருவருடைய ஓய்வை ரத்து செய்ய நேர்ந்தால், அதற்கு ஈடான தேதியை அதே நாளில், அதே தாளில், உங்கள் கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதியை இரண்டாம் முறை ரத்து செய்யாதீர்கள்.

(தொடரும்)