ஓயாத விளையாட்டும் ஓயாத செலவும்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் பல உள. வெறுஞ் சட்டமாய் வரும் வண்டிக்குக் கூண்டும் பாடியும் அமைத்து, வண்ணந் தீட்டி, உரியவரிடம் ஒப்புவித்தவுடன் பட்டறைக்காரரின் கடமை பெரும்பாலும் முடிவுறும். வண்டியை ஓட்டிப் பிழைக்கும் லாரி முதலாளியின் கடமையோ அன்றுதான் தொடங்கும். டீஸல், டயர், இன்ஷூரன்ஸ், டிரைவர் படி என்னுஞ் செலவுகள் நாடோறும் வந்து நிற்கும். லோடு கிடையாத நாளிலும் அவற்றுட் பல ஓயா. செய்து விற்றல் வேறு. நடத்திப் பிழைத்தல் வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்வார்க்கு, ஜப்பான் தேசத்து ஸோனி கம்பெனி அண்மையில் எய்திய இடர் எளிதின் விளங்கும்.

ஸோனி கம்பெனியார் 1994-ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷன் என்னும் விளையாட்டு யந்திரத்தை வெளியிட்டனர். அதனோடு விற்கப்பட்ட விளையாட்டுக்கள் பெரும்பாலும் முற்றுப்பெற்ற நூல்களைப் போன்றவை. பல்லாண்டு உழைத்து ஒன்றை ஆக்குவர். வாங்கியவர் அதனை ஆடி முடிப்பர். ஆக்கியோர் அடுத்ததற்குச் செல்வர். இம்முறையிலேயே அக்கம்பெனி பெரும் புகழ் ஈட்டியது.

‘லைவ் சர்வீஸ்’ என வழங்கும் விளையாட்டோ இத்தகையதன்று. அதற்கு முடிவென்பதில்லை. உலகின் பல பாகங்களிலுள்ளோர் இண்டர்நெட் வழியாக ஒரே களத்தில் ஆடுவர். கம்பெனியார் மாதந்தோறும் புதுக் களங்களும், உடைகளும், போட்டிகளுஞ் சேர்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும். பல விளையாட்டுக்களில் நுழைவு இலவசம். உள்ளே விற்கப்படும் சிறு பொருள்களே வருவாய். அவ்வருவாய் வற்றாத ஊற்றாதலைக் கண்ட ஸோனி கம்பெனியார், 2022-ஆம் ஆண்டில் பங்கி என்னும் அமெரிக்கக் கம்பெனியை ஏறத்தாழ 360 கோடி டாலருக்கு வாங்கினர். 2026 மார்ச்சுக்குள் பத்துக்கு மேற்பட்ட இத்தகைய விளையாட்டுக்களை வெளியிடுவோம் என்றும் அறிவித்தனர்.

விளைந்தது யாது? 2023 நவம்பரிலேயே, திட்டமிட்ட பன்னிரண்டனுள் ஆறு மட்டுமே குறித்த காலத்துள் வெளிவரும் என்றனர். அடுத்த மாதம், ஸோனியைச் சேர்ந்த நாட்டி டாக் என்னும் கூடத்தார், தாம் ஆக்கிவந்த ஓயாத விளையாட்டொன்றைக் கைவிட்டனர். அதனை வெளியிடின், பின்வரும் ஆண்டுகளிலெல்லாம் தம் ஆற்றல் முழுவதையும் அதனைப் பேணுதற்கே செலவிட நேரும் என்பது அவர் கூறிய காரணம். பட்டறைக்காரர், தாம் லாரி முதலாளியாக வேண்டியதை உணர்ந்து பின்வாங்கினார் எனலாம்.

2024 பெப்ருவரியில் வெளிவந்த ஹெல்டைவர்ஸ் 2 பன்னிரண்டு வாரங்களில் ஒரு கோடியே இருபது லட்சம் பிரதிகள் விற்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 23-ல் வெளிவந்த கன்கார்ட் என்பதோ, ஸ்டீம் என்னும் இண்டர்நெட் கடை வழியாக ஒரே வேளையில் 697 பேருக்கு மேல் ஆடுவோரைப் பெற்றிலது. செப்டம்பர் 6-ல் அது நிறுத்தப்பட்டது; பணமுந் திருப்பித் தரப்பட்டது. அதனை ஆக்கிய பயர்வாக் கூடம் அக்டோபர் மாதத்தில் மூடப்படும் என அறிவிக்கப்பட்டது. பல்லாண்டு உழைப்பு இரு வாரத்தில் மறைந்தது. உழைத்தோர் வேலை இழந்தனர்.

இதற்குத் தலையாய காரணம் ஒன்றுண்டு. நூல் விற்போர் பலர் ஒரே ஊரில் வாழலாம். ஒருவன் பத்து நூல் வாங்குவான். ஓயாத விளையாட்டோ மனிதனின் காசை மட்டுமன்றி, அவன் மாலைப்பொழுது முழுவதையும் வேண்டுகின்றது. ஒரு நாளுக்கு மாலை ஒன்றே. பழைய விளையாட்டில் தோழருந் தேடிய பொருளும் உள்ளவன், அவற்றை விட்டுப் புதியதற்கு எளிதில் வாரான். ஆடுவோர் குறையின் களம் வெறிச்சோடும். வெறிச்சோடிய களத்திற்குப் புதியோர் வாரார். யானையைக் கட்டித் தீனி போடுஞ் செலவு மட்டும் நிற்கும்.

வாங்குவோர்க்கும் இதிற் கருதத்தக்கதுண்டு. சேலத்தில் டி. ஆர். சுந்தரம் அவர்கள் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் இன்று படம் எடுப்பதில்லை. எனினும் 1956-ல் அங்குத் தயாரான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்னும் வண்ணப்படத்தை இன்றுங் கண்டு களிக்கின்றோம். ஆக்கியோர் மறைந்தும் ஆக்கம் நின்றது. ஓயாத விளையாட்டிற்கு இப்பேறு அரிது. நம் நாட்டில் எண்ணிறந்த இளைஞர் ஆடிய பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2-ல் அரசினரால் தடுக்கப்பட்டது. அக்டோபர் 30-ல் அதன் சர்வர்களும் இந்தியருக்கு அடைக்கப்பட்டன. 2021 ஜூலையில் வேறு பெயரோடு வந்த அவ்விளையாட்டு, 2022 ஜூலையில் மீண்டும் நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் திரும்பியது. அரசாணையாயினும், கம்பெனியின் நஷ்டக் கணக்காயினும், கதவை அடைக்கும் சாவி ஆடுவோன் கையில் இல்லை. அவன் பணங்கொடுத்துப் பெற்றது உடைமையன்று. உள்ளே இருக்கும் இசைவே.

மாணவ நண்பர்காள்! விளையாட்டை வெறுக்குமாறு கூறுதல் எம் நோக்கமன்று. தோழரோடு கூடி ஆடும் இன்பம் மெய்யான இன்பமே. ஆயின் அங்குப் பொருள் வாங்குமுன், நாளை அக்களம் மூடப்படினும் வருந்தாது விடத்தக்க தொகைதானா இது என எண்ணிப் பார்த்தல் நலம். செலவிடும் மாலைப்பொழுதிற்கும் இக்கணக்கே பொருந்தும். கன்கார்ட் வாங்கியோர்க்குப் பணந் திரும்பிற்று, பொழுது திரும்பிற்றில்லை.