பழைய வீடியோ விளையாட்டுகளின் விலையறிதல்

பழமையான பொருள் யாவும் விலையுயர்ந்தது என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை நாணயமும் முத்திரையும் சேர்ப்போர் நெடுங்காலமாக அறிவர். அவ்வரிசையிலே அண்மையிற் சேர்ந்த பொருள், 1970ஆம் ஆண்டுகள் தொடக்கம் அமெரிக்காவிலும் யப்பானிலும் பெருந்தொகையாக வெளிவந்த வீடியோ விளையாட்டாகும். வீட்டு மூலையிற் கிடந்த இவ்விளையாட்டுகளை விற்க முற்படுபவன் இருவகை இழப்புக்கு ஆளாகலாம். அரியதனை அறியாது அற்ப விலைக்குக் கொடுத்துவிடுதல் ஒன்று. அற்பமானதனை அரியதென நம்பி, கொள்வாரின்றிக் காத்திருத்தல் மற்றொன்று. வாங்குபவனுக்கோ போலிக்குப் பெரும்பொருள் கொடுக்கும் இடர் உண்டு. ஆதலின் இவற்றின் மறுவிற்பனை விலை எவற்றால் அமைகின்றது என்பது ஆராயத்தக்கது.

விலைக்கு முதற்காரணம் அருமை. அருமை என்பது வயதன்று. எஞ்சியுள்ள பிரதிகளின் தொகையே அது. 1987இல் பண்டாய் நிறுவனம் அமெரிக்காவில் ‘ஸ்ரேடியம் ஈவென்ற்ஸ்’ என்னும் ஓட்டப்பந்தய விளையாட்டை வெளியிட்டது. சிறிது காலத்துள் அதன் உரிமையை நின்டென்டோ நிறுவனம் பெற்று, 1988இல் ‘வேர்ல்ட் கிளாஸ் றாக் மீற்’ என வேறு பெயரில் வெளியிட்டது. உள்ளே அமைந்த விளையாட்டு ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் முதற்பெயர் தாங்கிய அமெரிக்கப் பிரதிகள் மிகச் சிலவே எஞ்சின. 2010இல் முத்திரை பிரியாத பிரதியொன்று 41,300 டொலருக்கு விற்கப்பட்டது. மறுபெயர் தாங்கியதோ இன்றும் மலிவாகக் கிடைக்கின்றது. இவ்வாறே 1990ஆம் ஆண்டு நின்டென்டோ நடத்திய போட்டிக்கெனச் செய்யப்பட்ட பேழைகளுள் சாம்பல் நிறத்தன 90, பொன்னிறத்தன 26 மாத்திரமே. இவை சேகரிப்போரால் பெரிதும் நாடப்படுகின்றன.

ஆயின் அருமை மாத்திரம் போதாது, விரும்புவாரும் வேண்டும். எவரும் விளையாட விரும்பாத பொருள் பத்துப் பிரதிகளே இருப்பினும் பத்துப் பேரைத் தேடிக்கொள்வது கடினம். இளமையில் இவற்றை ஆடி மகிழ்ந்தோர் உழைத்துப் பொருளீட்டும் வயதை அடையும்போது, இழந்த இளமையின் அடையாளமாக அவற்றைத் தேடுகின்றனர். 1995இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஏர்த்பவுண்ட்’ அன்று நன்றாக விலைபோகவில்லை. பின்னர் அதன் புகழ் வளர்ந்தபோது, குறைவாக விற்றமையே அதன் விலையை ஏற்றிற்று. மாறாக, ஆண்டுதோறும் புதிய பதிப்பாக வெளியாகும் காற்பந்து முதலிய விளையாட்டுகள் இலட்சக்கணக்கில் விற்றன. அடுத்த பதிப்பு வந்ததும் முன்னையதனை நாடுவார் அருகினர். அவை எத்துணைப் பழமையடைந்தாலும் பெரும்பாலும் விலை பெறுவதில்லை.

மூன்றாவது காரணம் பொருளின் நிலை. வெறும் பேழை, பெட்டியும் கைந்நூலும் கூடிய முழுத் தொகுதி, உறை பிரியாத புதுப்பிரதி என மூவகையாக விலை கூறுதல் வணிகர் மரபு. நின்டென்டோவின் பெட்டிகள் கடதாசி மட்டையாலானவை. சிறுவர் அவற்றைக் கிழித்தெறிந்தனர். ஆதலின் சில விளையாட்டுகளுக்குப் பேழையிலும் பெட்டியே விலை மிக்கது. ‘சுப்பர் மாரியோ பிறதேர்ஸ்’ உலகெங்கும் நான்கு கோடிப் பிரதிகள் விற்ற விளையாட்டு. அதன் வெறும் பேழை எளிதிற் கிடைக்கும். உறை பிரியாத தொடக்ககாலப் பிரதியொன்றோ 2021 ஏப்பிரலில் 6,60,000 டொலருக்கு ஏலம் போயிற்று. மிகுதியாக விற்ற பொருளும் ஒரு நிலையில் அரிதாகலாம் என்பதற்கு இது சான்று.

நான்காவது, மெய்ம்மை. விலை உயர்ந்தவிடத்துப் போலியும் தோன்றும். மேலொட்டியின் அச்சு, பிளாத்திக்கின் நிறம், திருகாணியின் வகை என்பன முதலில் நோக்கற்பாலன. ஐயம் எழின் பேழையைத் திறந்து உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையைக் காண்டல் வேண்டும். நின்டென்டோ செய்த பலகையில் அதன் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். 1987இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘லெஜென்ட் ஒப் செல்டா’ முதலிய பேழைகளில் ஆட்டத்தின் நிலையைக் காக்கும் சிறு பற்றரி உண்டு. அது ஓய்ந்திருப்பின் மாற்றலாம். ஆயினும் அக்குறையை மறையாது கூறுதல் விற்பவனின் கடன்.

பொருளின் வரலாறும் விலையாகும் என்பதற்கு அற்றாரி நிறுவனத்தின் ‘ஈ.ரி.’ தக்க எடுத்துக்காட்டு. 1982இல் ஏறத்தாழ ஐந்து வாரங்களில் ஆக்கப்பட்ட அவ்விளையாட்டு பெருந்தொகையாகத் தேங்கிற்று. 1983இல் நியூ மெக்சிக்கோ மாநிலத்து அலமகோடோ நகரின் குப்பை மேட்டிலே அற்றாரியின் விற்கப்படாத பொருட்கள் பல புதைக்கப்பட்டன. 2014இல் அவ்விடம் அகழப்பட்டது. வெளிப்பட்ட பேழைகளுள் எண்ணூறுக்கு மேற்பட்டவற்றை நகரசபை சான்றிதழுடன் விற்று, ஓர் இலட்சம் டொலருக்கு மேற் பெற்றது. புதையாத ‘ஈ.ரி.’ பேழையோ இன்றும் சில டொலருக்கே விலைபோகின்றது. நசுங்கி மண்படிந்த பேழை நல்ல பேழையை விஞ்சியமைக்குக் காரணம் அது கிடந்த இடமே.

இவையனைத்தையும் அறிந்த பின்னரும் விலையை உறுதிசெய்யும் அளவுகோல் ஒன்றே. விற்போர் கேட்கும் விலை விலையன்று. வாங்குவோர் கொடுத்த விலையே விலை. இணையச் சந்தைகளில் விற்றுமுடிந்தவற்றின் பட்டியலைப் பிரித்து நோக்கி, ஒத்த நிலையிலுள்ள பல பிரதிகளின் நடுத்தர விலையைக் கொள்ளுதலே நேரிய முறை. 2021 யூலையில் ‘சுப்பர் மாரியோ 64’ பிரதியொன்று 15,60,000 டொலர் பெற்றது போன்ற செய்திகள் வழிகாட்டியாகா. இருவர் போட்டியிட்டு உயர்த்திய விலை மறுநாள் மூன்றாமவனுக்குக் கிட்டும் என்பதற்கு உறுதி இல்லை.

பெரும்பாலான பழைய விளையாட்டுகள் சிறு விலையே பெறும் என்பதே இவ்வாராய்ச்சியால் துணியப்படுவது. அவ்வுண்மையை நம்பிக்கையோடு வந்தவனிடம் மறையாது உரைப்பவனே நல்ல மதிப்பீட்டாளன். அரிய பொருளைக் கொண்டுவந்த ஏழைக்கு அதன் அருமையை உரைக்கும்போதும் அதே நேர்மை அவனுக்கு வேண்டும். இவ்விடத்து அறிவு மிக்கவன் மௌனம் சாதிப்பின், அதுவே களவுக்கு ஒப்பாகும்.