ஆற்றைக் காக்க நல்லெண்ணம் மட்டும் போதுமா?

மைசூர் நாட்டின் கபினி ஆற்றில் 1946ஆம் ஆண்டு ஒரு மீன் தூண்டிலில் சிக்கியது. அதன் எடை 120 ராத்தல். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 54 கிலோ. வளர்ந்த மனிதர் ஒருவரின் எடை! கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த அம்மீனை மாஷீர் என்பர். காவிரி மாஷீருக்குத் தலையின் பின்னே முதுகு திமில்போல் உயர்ந்திருக்கும். ஆகவே அதனைத் திமில் மாஷீர் என்போம். காவிரியும் அதன் கிளையாறுகளும் தவிர, உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை.

இத்தகைய செல்வம் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. பேராசையும் கவனக்குறைவும் இதற்குக் காரணங்கள். அவற்றோடு நல்லெண்ணமும் ஒரு காரணமாயிற்று என்பதே நாம் சிந்திக்க வேண்டிய செய்தி.

வழி மறிக்கப்பட்ட மீன்

மாஷீர் தேங்கிய நீரின் மீனன்று. பாறைகளிடையே பாய்ந்தோடும் தெளிந்த நீரையே அது நாடும். மழைக்காலத்தில் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறி, கூழாங்கற்கள் நிறைந்த இடங்களில் முட்டையிடும். கிருஷ்ணராஜசாகர் அணையும், 1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையும் எண்ணற்ற உழவர்களுக்கு வாழ்வளித்தன. இதை மறுப்பார் இல்லை. ஆயினும் அவை மீனின் வழியை மறித்தன. மணல் அள்ளுவோர் ஆற்றின் படுகையையே பெயர்த்தெடுத்தனர். மணலும் கல்லும் போனபின் முட்டை தங்க இடமேது? வெடி வைத்து மீன் பிடிப்போரோ, ஒரு நொடியில் தாயையும் குஞ்சையும் சேர்த்தே அழித்தனர்.

நல்லெண்ணத்தின் விளைவு

மாஷீர் குறைவதைக் கண்ட நல்லோர் வாளாவிருக்கவில்லை. மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் நீலத் துடுப்பு மாஷீர் என்னும் வேறோர் இனத்தைச் செயற்கை முறையில் பெருக்கும் பணி 1970களில் நடைபெறலாயிற்று. அங்குப் பொரித்த குஞ்சுகள் பல ஆறுகளில் விடப்பட்டன, காவிரியிலும் விடப்பட்டன. மாஷீர் இனங்களுக்கிடையே உள்ள வேற்றுமை அன்று தெளிவாக அறியப்படவில்லை.

கர்நாடகத்தில் காவிரிக் கரையில் இருந்த தூண்டில் முகாம்களில், பிடித்த மீனை எடை குறித்துக்கொண்டு மீண்டும் ஆற்றிலேயே விடுவது வழக்கம். 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட அக்குறிப்புகளை ஆய்வாளர் பின்னர் ஆராய்ந்தனர். கண்டதென்ன? பிடிபட்ட மாஷீர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. சராசரி எடையோ குறைந்திருந்தது. பெருகியவை நீலத் துடுப்பு மீன்களே. திமில் மாஷீர் ஏறத்தாழ மறைந்துவிட்டிருந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தவருக்கு ஆறு செழிப்பதாகத் தோன்றியது. வீட்டுக்கு உரியவனோ ஓசையின்றி வெளியேறிக்கொண்டிருந்தான்.

இதனினும் வேதனை தருவது ஒன்றுண்டு. புகழ்பெற்ற இம்மீனின் அறிவியல் பெயர் எது என்பதே 2018 வரை உறுதிப்படவில்லை. தமிழகத்தின் மோயாற்றில் கிடைத்த மீன்களை ஆராய்ந்தோர், கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து முன்பே விவரிக்கப்பட்ட ‘டோர் ரெமாதேவி’ என்னும் இனமே இது என அவ்வாண்டில் நிறுவினர். மீனியல் அறிஞர் ரெமா தேவி அம்மையாரைச் சிறப்பிக்கும் பெயர் அது. அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இம்மீனை மிகக் கடுமையான அழிவாபத்தில் உள்ள உயிரினம் என அறிவித்தது. பெயர் துலங்கிய ஆண்டிலேயே ஆபத்துப் பட்டியலிலும் இடம்!

நாம் செய்யக்கூடியவை

அன்பார்ந்த குடும்பத்தினரே, குஞ்சுகளைக் கொண்டுவந்து கொட்டுவதால் மட்டும் ஆறு பிழைத்துவிடாது. எந்த மீன், எந்த ஆற்றுக்கு உரியது என்று முதலில் அறிய வேண்டும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று நம் குளங்களிலும் ஆறுகளிலும் பரவி, நாட்டு மீன்களை நெருக்குகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கு அரசு 2000ஆம் ஆண்டில் தடை விதிக்க நேர்ந்தது.

ஆகவே, வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த அயல்மீன்களை, இரக்கப்பட்டும் ஆற்றிலோ குளத்திலோ விடாதீர்கள். வெடி வைத்துப் பிடித்த மீன் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். வீடு கட்டும்போது, மணல் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஊரின் கழிவுநீர் ஆற்றில் கலப்பதைக் கண்டால் ஊராட்சியிடம் முறையிடுங்கள்.

மோயாற்றில் திமில் மாஷீர் இன்னும் நீந்துகிறது. அதற்கு நாம் புதிதாக எதையும் கொடுக்க வேண்டியதில்லை. ஓடும் நீரையும், கூழாங்கல் படுகையையும், தடையற்ற வழியையும் அதனிடமிருந்து பறிக்காமல் இருந்தாலே போதும்.