ஆஸ்பத்திரியில் சேவை செய்ய போறீங்களா? டாக்டர், நர்சுகளிடம் 'திட்டு' வாங்காமல் இருக்க இதை படிச்சிட்டு போங்க!

செங்கல்பட்டு:-

ஜி.எஸ்.டி. சாலையில் விபத்து, கிழக்கு கடற்கரை சாலையில் விபத்து, மாமல்லபுரத்தில் கடலில் குளிக்க போய் அலையில் சிக்கியவர்... பெரிய சிகிச்சை என்றால் பெரும்பாலும் செங்கல்பட்டு ஜி.எச்.சுக்குத்தான் கொண்டு வருகிறார்கள். மாமல்லபுரத்தில் இருந்து சுமார் 30 கி.மீ. தூரம். 1965-ம் ஆண்டு தொடங்கிய மருத்துவக்கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரி இது.

கூட்டம் அதிகம் உள்ள இடம் என்பதால் உதவிக்கு ஆள் தேவைப்படும். வீல்சேர் தள்ள, ஓ.பி. சீட்டு வாங்கி தர, ஸ்கேன் எங்கே என்று வழிகாட்ட, ஆதரவு இல்லாத முதியவருக்கு சாப்பாடு ஊட்ட என்று வேலை நிறைய இருக்கு. நல்ல மனசோடு வாலிபர்களும், ஓய்வு பெற்றவர்களும் இதுபோன்ற ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறார்கள்.

ஆனா ஒரே வாரத்தில் பலர் காணாமல் போய்விடுகிறார்கள். 'சேவை செய்ய வந்தா நர்சு திட்டுறாங்க' என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். திட்டுவதற்கு பின்னால் என்ன இருக்கு என்று தெரிந்துகொண்டால் பாதி சண்டை தீர்ந்துவிடும்.

சந்தேகம் ஏன்?

எந்த பெரிய அரசு ஆஸ்பத்திரி வாசலிலும் புரோக்கர்கள் தொல்லை உண்டு. 'இங்க பெட் கிடைக்காது, தனியாருக்கு போகலாம்' என்று நோயாளியை கிளப்பிக்கொண்டு போகிறவர்களும் முதலில் 'உதவி பண்றேன்' என்றுதான் வருவார்கள். அதனால் அறிமுகம் இல்லாத ஆள் வார்டுக்குள் சுற்றினால் ஊழியர்கள் முறைக்கத்தான் செய்வார்கள்.

போதாக்குறைக்கு தாக்குதல் பயம் வேறு. 2024-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த புற்றுநோய் டாக்டரை நோயாளியின் மகனே கத்தியால் குத்திய சம்பவத்தை யாரும் மறக்கவில்லை. டாக்டர், நர்சுகளை தாக்கினால் 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை ஜெயில் என்று தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தாலும் பயம் போகவில்லை.

எனவே நேராக வார்டுக்குள் நுழையக்கூடாது. முதலில் நிலைய மருத்துவ அலுவலரை (ஆர்.எம்.ஓ.) பார்த்து எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். அடையாள அட்டையை சட்டையில் தெரியும்படி மாட்டிக்கொள்ள வேண்டும். வார்டுக்கு போனதும் பொறுப்பு நர்சிடம், 'வணக்கம் சிஸ்டர், 12 மணி வரைக்கும் இருப்பேன், என்ன வேலை செய்யலாம்?' என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்விக்கே முகம் மாறிவிடும்.

ஒரு டம்ளர் தண்ணீர் செய்யும் வேலை

நோயாளி 'தாகமா இருக்குப்பா' என்கிறார். பாவமேன்னு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கிறோம். அவருக்கு அன்றைக்கு ஆபரேஷன் என்றால் கதை முடிந்தது. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஆபரேஷனை தள்ளிப்போட வேண்டிய நிலையும் வரும். அதற்கு பதில் சொல்ல வேண்டியது நாம் இல்லை, டூட்டியில் இருக்கும் நர்சு. அவர் கத்தாமல் என்ன செய்வார்?

இதேபோல்தான் மற்றதும். ட்ரிப்ஸ் தீர்ந்தால் நர்சை கூப்பிட வேண்டும், நாமே திருகக்கூடாது. ஆக்சிஜன் அளவில் கை வைக்கக்கூடாது. கீழே விழுந்த நோயாளியை அவசரப்பட்டு தூக்கி உட்கார வைக்கக்கூடாது. கேஸ் ஷீட்டை புரட்டி 'உங்களுக்கு இதுதான் வியாதி' என்று சொல்லவே கூடாது.

குப்பை விஷயத்திலும் கவனம் தேவை. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கும், டியூப் போன்ற பிளாஸ்டிக் சிவப்பு பைக்கும், ஊசி வெள்ளை டப்பாவுக்கும் போக வேண்டும் என்பது 2016-ம் ஆண்டு விதி. கீழே கிடக்கும் ஊசியை கையால் எடுக்காதீங்க, ஊழியரிடம் சொல்லுங்க.

செல்போன் உள்ளேயே இருக்கட்டும்

சாப்பாடு ஊட்டும்போது செல்பி எடுத்து வாட்ஸ்-அப்பில் போட்டால் அன்றோடு சேவை முடிந்தது என்று அர்த்தம். யாருக்கு என்ன வியாதி என்று டீக்கடையில் பேசுவதும் தப்பு. எச்.ஐ.வி. பாதித்தவரின் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிட 2017-ம் ஆண்டு சட்டம் தடை போட்டிருக்கிறது.

ஷிப்ட் மாறும் நேரத்தில் நர்சுகள் ஒவ்வொரு பெட்டாக கணக்கு ஒப்படைப்பார்கள். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும்போதும் குறுக்கே போகக்கூடாது. கேட்க வேண்டியதை குறித்து வைத்து முடிந்ததும் கேட்கலாம். துப்புரவு பணியாளர்களை 'ஏய்' என்று கூப்பிடாமல் அண்ணா, அக்கா என்று கூப்பிட்டு பாருங்க. ஸ்ட்ரெச்சர் எந்த மூலையில் இருக்கு என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கேரளா காட்டிய வழி

கோழிக்கோடு அரசு மருத்துவக்கல்லூரியில் 1993-ம் ஆண்டு வலி நிவாரண மையம் தொடங்கியபோதே தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பின்னர் மலப்புரம் மாவட்டத்தில் ஊர் ஊராக இது பரவியது. அங்கே ஆர்வம் மட்டும் போதாது. 16 மணி நேர வகுப்பு, 4 நாள் நேரடி பயிற்சி முடித்த பிறகுதான் நோயாளி பக்கம் விடுவார்கள்.

நம்ம ஊரிலும் உதாரணம் இருக்கு. 2021-ம் ஆண்டு ஆகஸ்ட் 5-ந் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக சென்று பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஆனால் மாத்திரையை கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. எல்லை தெளிவாக இருப்பதால் தகராறுக்கு இடம் இல்லை.

விபத்தில் சிக்கியவரை கொண்டு வருகிறவர்களும் பயப்பட தேவையில்லை. 2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டப்படி அவர்கள் மீது வழக்கு போட முடியாது, பெயர் சொல்ல கட்டாயப்படுத்தவும் முடியாது. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டமே 2021-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி நம்ம மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு விபத்து நடந்தது என்பதை மட்டும் டூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றால் அதுவே பெரிய உதவி.

தப்பு நடந்தால்?

அனுசரித்து போவது என்றால் வாயை மூடிக்கொள்வது என்று அர்த்தம் இல்லை. ஸ்ட்ரெச்சர் தள்ள காசு கேட்டாலோ, நோயாளியை கவனிக்காமல் விட்டாலோ வார்டில் நின்று கத்தாதீங்க. தேதி, நேரம், வார்டு, பெட் நம்பர் எழுதி நர்சிங் கண்காணிப்பாளரிடம் கொடுங்க. நடவடிக்கை இல்லை என்றால் ஆர்.எம்.ஓ., அடுத்து டீன். 104 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம்.

வார்டில் சண்டை வந்தால் நாம் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு போய்விடலாம், நர்சும் டூட்டி முடிந்து போய்விடுவார். போக முடியாமல் படுத்திருப்பது நோயாளி மட்டும்தான். அடுத்த முறை கோபம் வரும்போது அந்த பெட்டை ஒரு தடவை பார்த்துட்டு பேசுங்க.