முன்சக்கரம் ஏன் தூக்குது?



பைக் ஓடும்போது முன்சக்கரத்தை மேலே தூக்கி, பின்சக்கரத்தில் மட்டும் ஓட்டுவதைத்தான் வீலிங் என்கிறோம். நம்ம ஊர் ஏரிக்கரை ரோட்டுக்குப் புதுத் தார் போட்டதிலிருந்து சாயங்காலம் ஆனால் போதும், அண்ணன்கள் 100 சிசி வண்டியை எடுத்து வந்து வீலிங் பழகுகிறார்கள். நம் வகுப்புப் பையன்கள் கரையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "நானும் கத்துக்கப் போறேன்" என்கிறார்கள். அதே ரோட்டில்தான் நாங்கள் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறோம். சின்னப் பிள்ளைகள் டியூஷன் போகிறார்கள். ஆயாக்கள் ஆடு ஓட்டி வருகிறார்கள்.

"ஆபத்து, பண்ணாதே" என்று பெரியவர்கள் பல தடவை சொல்லியாகிவிட்டது. யாரும் கேட்டபாடில்லை. அதனால் அது எப்படி நடக்கிறது என்று நம் அறிவியல் பாடத்தை வைத்தே பார்ப்போம். பிறகு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

சக்கரம் எப்படித் தூக்குகிறது?

பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறோம். டிரைவர் சட்டென்று வண்டியை எடுத்தால் நாம் பின்பக்கம் சாய்கிறோம் இல்லையா? கால் பஸ்ஸோடு முன்னே போய்விடுகிறது, மேல் உடம்பு பின்தங்கி நிற்கிறது. பைக்கிலும் இதே கதைதான். எஞ்சின் பின்சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் ரோட்டைப் பின்னால் தள்ளுகிறது, ரோடு சக்கரத்தை முன்னால் தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. அந்தத் தள்ளு தரையில் விழுகிறது. ஆனால் வண்டி, ஆள் இரண்டும் சேர்ந்த ஈர்ப்பு மையம் மேலே இருக்கிறது. அடியில் தள்ளினால் மேல்பாகம் பின்னால் சாயத்தானே செய்யும்? எடை பின்சக்கரத்துக்கு மாறி, முன்சக்கரம் லேசாகிறது. அதன் மேல் எடையே இல்லை என்று ஆகும்போது தூக்கிவிடுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஈர்ப்பு மையம் பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து 50 செ.மீ. முன்னாலும், தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சக்கரம் தூக்கத் தேவையான முடுக்கம்:

9.8 × 50 ÷ 75 = சுமார் 6.5 மீ/வி²

அதாவது நின்ற வண்டி 2 வினாடியில் மணிக்கு 47 கி.மீ. வேகத்தைத் தொட வேண்டும். 100 சிசி வண்டியால் இது முடியாது. அதனால்தான் பழகுகிறவர்கள் சீட்டில் பின்னால் தள்ளி உட்கார்ந்து, கிளட்சைப் பட்டென்று விட்டு, ஹேண்டில்பாரை இழுக்கிறார்கள். சின்ன வண்டியில் வீலிங் பண்ணுவது சுலபம் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த வண்டிக்கு அதற்கான சக்தி இல்லை. முரட்டுத்தனமாக ஆட்டித்தான் தூக்க வேண்டியிருக்கிறது.

தூக்கிய பிறகுதான் சிக்கல்

சக்கரம் மேலே போகப் போக ஈர்ப்பு மையம் பின்சக்கரத்துக்கு நேர் மேலே வந்துகொண்டே இருக்கும். முன்னே 50 செ.மீ. தள்ளி இருந்தது 30 ஆகும், 10 ஆகும், கடைசியில் 0 ஆகும். அதனால் மேலே போகப் போகத் தூக்குவது இன்னும் லேசாகிறது. முதலில் பத்தாமல் இருந்த ஆக்சிலேட்டரே இப்போது அதிகம். 0-வைத் தாண்டினால் வண்டி பின்பக்கமாகக் கவிழும்.

அப்போது முன்சக்கரத்தைக் கீழே இறக்கப் பின் பிரேக்தான் கைகொடுக்கும். அதை அளவாக மிதிக்க வேண்டும். ஆனால் புதுசாகப் பழகுகிறவருக்குப் பயத்தில் கால் பிரேக்கை விட்டு வந்துவிடும். உடம்பு பின்னால் போகும்போது விழாமல் இருக்கக் கை ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கும். அப்படித் தொங்கும்போது ஆக்சிலேட்டர் தானாக இன்னும் முறுக்கிக்கொள்ளும். வேண்டாம் என்று நினைக்கிற நேரத்தில் வண்டி இன்னும் வேகமாகத் தூக்கும்!

முன்சக்கரம் மேலே இருக்கும்போது இவை எதுவும் நம் கையில் இல்லை:

1. திருப்ப முடியாது. ஹேண்டில்பார் சும்மா காற்றில் ஆடும்.
2. முன் பிரேக் வேலை செய்யாது.
3. எதிரே வருவது சரியாகத் தெரியாது, வண்டியே மறைக்கும்.
4. இருட்டில் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும்.

மணிக்கு 40 கி.மீ. வேகம் என்றால் ஒரு வினாடிக்கு 11 மீட்டர். நம் வகுப்பறை நீளத்தைவிட அதிகம். அந்த ஒரு வினாடியில் ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தால் போதும். இறங்கும்போது ஹேண்டில்பார் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் சக்கரம் தரையைத் தொட்டதும் வண்டி ஆளைத் தூக்கி எறியும்.

இன்னொரு கணக்கு. உட்கார்ந்திருப்பவர் தலை தரையிலிருந்து சுமார் 1.5 மீ. உயரத்தில் இருக்கிறது. v² = 2gh என்று போட்டுப் பாருங்கள். மல்லாக்க விழுந்தால் தலை சுமார் 5.4 மீ/வி, அதாவது மணிக்கு 19 கி.மீ. வேகத்தில் தாரில் மோதும். வண்டியின் வேகத்தை இதில் சேர்க்கவே இல்லை.

வீலிங் பண்ணாதவர்களுக்கும் இது பாடம்

எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். பால் சொசைட்டிக்குப் போகிற வண்டியைப் பாருங்கள். பின்னால் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கும். புல்லுக்கட்டு ஏற்றுவார்கள். சில வண்டியில் மூன்று பேர் போவார்கள். சுமை முழுக்கப் பின்னால் போனால் 50 செ.மீ. என்பது 25 செ.மீ. ஆகிவிடலாம். அப்போது தேவையான முடுக்கமும் பாதியாகி 3.3 ஆகிறது. இது சாதாரண வண்டிக்கே முடியும்! ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது வண்டி ஏற்கெனவே பின்னால் சாய்ந்திருப்பதால் அதுவும் தேவையில்லை. நாம் நினைக்காமலே வீலிங் ஆகிவிடும்.

நம்பிக்கை இல்லையென்றால் சைக்கிள் கேரியரில் ஒரு அரிசி மூட்டையைக் கட்டித் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள். ஹேண்டில்பார் எவ்வளவு லேசாகிறது என்று தெரியும். அதனால் வீட்டில் சொல்லுங்கள்: கனமானதை முடிந்தவரை முன்னால் வைக்கணும், மேட்டில் மெதுவாக ஏறணும், மூன்று பேர் வேண்டாம்.

உங்களுக்குத் தெரியுமா?

* ஜப்பானைச் சேர்ந்த யாசுயுகி குடோ என்பவர் 1991-ஆம் ஆண்டு மே 5-ஆம் தேதி நிற்காமல் 331 கி.மீ. தூரம் பின்சக்கரத்திலேயே ஓட்டினார். அவர் ஓட்டியது பெரிய ரேஸ் பைக் இல்லை, ஹோண்டா டிஎல்எம் 220 ஆர் என்ற லேசான வண்டி. ஓட்டிய இடம் வாகனங்களைச் சோதித்துப் பார்க்கும் தனி மைதானம். அங்கே ஆடும் இல்லை, ஆயாவும் இல்லை.

* 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் வீலிங் செய்த யூடியூபர் ஒருவர் விழுந்து கை முறிந்தது. அவருடைய ஓட்டுநர் உரிமத்தை 10 ஆண்டுகளுக்கு ரத்து செய்தார்கள்.

* கியர் பைக் ஓட்ட 18 வயது ஆகணும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டிக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. நாம் கெத்துக் காட்டினால் ஜெயிலுக்குப் போவது அப்பா!

நண்பர்களே, வீலிங் ஒரு வித்தைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. கம்பி மேல் நடப்பதும் வித்தைதான். ஆனால் கம்பிமேல் நடப்பவர் விழுந்தால் அவருக்கு மட்டும்தான் அடிபடும். ரோட்டில் சக்கரத்தைத் தூக்குகிறவர் சைக்கிளில் வருகிற எங்களையும் கேட்காமலே அந்த வித்தையில் சேர்த்துக்கொள்கிறார். எங்களுக்கு அதில் சேர இஷ்டம் இல்லை. ரோட்டைப் பாதி நேரமாவது எங்களுக்கும் விட்டுவைக்கச் சொல்லவில்லை, முழு நேரமும் அது எல்லாருக்கும்தான் என்று சொல்கிறேன்.

இந்த வாரக் கேள்வி: பால் கேனைப் பின்னால் கட்டாமல் முன்னால் காலடியில் வைத்தால் ஈர்ப்பு மையம் 60 செ.மீ. முன்னாலும் 70 செ.மீ. உயரத்திலும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் தூக்க எவ்வளவு முடுக்கம் வேண்டும்? விடையைத் தாளில் எழுதி அறிவியல் சாரிடம் கொடுங்கள்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி