வெற்றிடத்திற்கும் எடை உண்டு



கோலா தெர்லாவில் மழை மூடிய ஒரு மாலை. லயத்து வாசலில் நின்றபடி, உதவித்தொகைப் பட்டியலில் பிள்ளையின் பெயர் வந்திருக்கிறதா என்று கைத்தொலைபேசியில் தேடுகிறார் ஒரு தாய். அலை வருகிறது, போகிறது. பக்கம் திறந்தபாடில்லை. மலையும் மழையும் காரணமாக இருக்கலாம். அனுப்பியவர் கட்டிய மூட்டையும் காரணமாக இருக்கலாம். அந்த மூட்டையை இன்று அவிழ்த்துப் பார்ப்போம்.

இணையப் பக்கம் என்பது எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதிய ஒரு கடிதம். ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் உருவாக்கிய மொழி அது. 'இது தலைப்பு, இது பட்டியலில் ஒரு வரி' என்று அதில் குறிகள் இருக்கும். தொலைபேசியில் உள்ள உலாவி அவற்றைப் படித்துப் பக்கத்தை வரைந்து காட்டுகிறது. நடுவே பத்து வெற்றிடம் விட்டாலும் நூறு விட்டாலும் உலாவி பொதுவாக ஒன்றாகவே கொள்ளும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அத்தனையும் அலையில் ஏறி வந்தே ஆகவேண்டும்.

ஒரு வெற்றிடம் ஒரு பைட். தமிழுக்கு, இன்றைய யூ.டி.எஃப்.-8 முறையில், ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். 'தேயிலை' என்ற சொல்லில் மூன்று எழுத்தும் மூன்று துணைக்குறியும் இருப்பதால் 18 பைட். ஆகவே 18 வெற்றிடம் ஒரு 'தேயிலை'க்குச் சமம். 500 பிள்ளைகளின் பட்டியலில் ஒரு பெயருக்கு நான்கு வரி, வரிக்கு 20 வெற்றிடம் என்று வைத்துக்கொண்டால் 40,000 பைட். படிக்க அதில் ஒன்றுமில்லை.

இதை யார் போட்டது? ஒருவரும் வேண்டுமென்று போடவில்லை. 500 வரியை இக்காலத்தில் கையால் எழுதுவதில்லை. 2005-இல் வெளிவந்த ஜாங்கோ போன்ற சட்டக மென்பொருள்களே எழுதித் தருகின்றன. நிரல் எழுதுபவர் ஒரு வார்ப்பை மட்டும் வைக்கிறார். 'ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் செய்' என்று அதில் கட்டளை இருக்கும். வேலை முடிந்ததும் கட்டளை மறைந்துவிடும். அது நின்ற வரி மறையாது. முன்னால் விட்ட இடமும் வரியின் முடிவும் அப்படியே தங்கும். சுற்று 500 என்றால் அந்த வெற்று வரியும் 500. கவாத்து வெட்டிவிட்டுக் கிளைகளை அள்ளாமல் போன மலையைப் போலத்தான்.

கூட்டித் தள்ளவும் வழி உண்டு. ஜிஞ்ஜா என்னும் வார்ப்பு முறையில், கட்டளையின் அடைப்புக்குறி ஓரத்தில் ஒரு கழித்தல் குறி இட்டால் அந்தப் பக்கத்து வெற்றிடம் போய்விடும். ஜாங்கோவில் குறிகளுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தை நீக்கத் தனிக் கட்டளையே இருக்கிறது. ஆனால் எங்கள் எண்ணத்தில் முதல் வேலை வேறு. ஜிசிப் போன்ற சுருக்க முறையைப் பரிமாறி கணினியில் முடுக்கிவிட வேண்டும். திரும்பத் திரும்ப வரும் வெற்றிடத்தை அது மிகச் சிறிதாக்கிவிடும். பக்கத்தில் ஒரு பெரிய புகைப்படம் கிடந்தால், அதைக் குறைப்பதில் இன்னும் அதிகம் மிஞ்சும்.

கூட்டுகிற கை அளவறிந்து கூட்டவேண்டும். ஒரு முறை நாங்கள் ஒரு பெயர்ப் பட்டியலை முழுவதுமாகத் துடைத்தோம். தடித்த எழுத்தில் இருந்த பிள்ளையின் பெயரும், அடுத்த குறிக்குள் இருந்த தகப்பன் பெயரும் ஒட்டிக்கொண்டன. 'கமலா த/பெ ராமன்' என்பது ஒரே சொல்லாகி, தேடியவருக்குக் கிடைக்கவில்லை. வரி பிரித்து வைத்த கவிதைக்கும் இதே கதிதான். ஓலைச் சுவடியில் சொல்லுக்குச் சொல் இடம் விடும் வழக்கம் இல்லை. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் போன்றோர் சொற்களைப் பிரித்தறியப் பட்ட பாடு கொஞ்சமன்று.

கணினி படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து அதன் மூலத்தைக் காட்டச் சொல்லுங்கள். வெற்று வரிகளைச் சேர்ந்தே எண்ணிப் பாருங்கள்.