குன்றிமணியா, மஞ்சாடியா?

என் அக்காள் மகனுக்கு ஏழு மாதம். கைக்கு எது கிடைத்தாலும் அது நேராக வாய்க்குத்தான் போகும். பல்கலைக்கழக விடுமுறையில் கிள்ளானுக்குப் போனபோது, அவனுக்கு நானே ஒரு கிலுகிலுப்பை செய்து கொடுத்தேன். சின்னத் தண்ணீர் போத்தல், உள்ளே ஒரு பிடி சிவப்பு விதை, இறுகத் திருகிய மூடி, அவ்வளவுதான். பத்து நிமிட வேலை.

பாட்டி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது மஞ்சாடியா, குன்றிமணியாடா?"

எனக்குத் தெரியவில்லை. கொடுத்த நண்பன் 'சாகா விதை' என்றான். குழப்பம் அங்கேதான். மலாயில் மரத்தில் காய்ப்பதும் சாகா, கொடியில் காய்ப்பது 'ஆக்கார் சாகா'. மரத்துச் சாகாதான் நம் மஞ்சாடி. முழுக்கச் சிவப்பாக, தட்டையாக இருக்கும். 1985இல் வந்த புரோட்டோன் சாகா காருக்குப் பெயர் கொடுத்ததும் இந்த விதைதான். கொடியில் காய்ப்பது குன்றிமணி. உருண்டையாக, ஒரு முனையில் கரும்புள்ளியோடு இருக்கும். மண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்போமே, அதுதான். அந்தக் காலப் பொற்கொல்லர்கள் இரண்டையும் தராசில் வைத்தார்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது கணக்கு.

குன்றிமணிக்குள் அப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. உடலின் உயிரணுக்கள் புரதம் உண்டாக்குவதையே அது நிறுத்திவிடும். ஓடு கெட்டியானது என்பதால் முழு விதை சில சமயம் செரிக்காமலே வெளியேறிவிடும். கடித்தாலோ, நூலில் கோக்கத் துளையிட்டாலோ நிலைமை வேறு. பிரிட்டனில் ஈடன் புரோஜெக்ட் என்ற தாவரத் தோட்டம், தான் விற்ற விதை வளையல்களில் இது இருப்பது தெரிந்ததும் 2011இல் அவற்றைத் திரும்பப் பெற்றது.

என் போத்தலில் இருந்தது நல்ல வேளையாக மஞ்சாடி. ஆனாலும் பாட்டி அதைத் திருப்பித் தரவில்லை. "மூடி கழண்டா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு ஓர் அளவே இருக்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க, 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் பிள்ளையின் தொண்டையை அடைக்கலாம். தண்ணீர் போத்தல் மூடி சுமார் 3 சென்டிமீட்டர், அடங்கிவிடும். விதை பற்றிச் சொல்லவே வேண்டாம். பச்சைப்பயறு போட்டால் பரவாயில்லையே என்று கேட்பீர்கள். ஈரம் பட்டால் அது ஊதிப் பெருக்கும். வீட்டில் அந்த உருளை இல்லாவிட்டால் கழிவறைத் தாள் சுற்றிய அட்டைக் குழாய் போதும். சற்று அகலம் கூடுதல், அது நமக்கு நல்லதே.

எனவே துணிக்கு மாறினேன். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் துணிக்கடைகளுக்கும் தையற்கடைகளுக்கும் குறைவில்லை. வெட்டுத் துண்டு கேட்டால் கிடைக்கும். கண்ணைப் பறிப்பதெல்லாம் ஜரிகையும் ஜிகினாவும் கண்ணாடிச் சில்லும்தான். எதுவும் வேண்டாம், வெறும் பருத்தி போதும். நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அது எச்சிலிலும் கரையும். பொம்மைக்குக் கண் வேண்டுமென்றால் பொத்தான் வைக்காமல் நூலில் தைத்துவிடுங்கள். உள்ளே அடைக்க இலவம் பஞ்சு, அதாவது கெக்காபு, மலிவுதான். ஆனால் தையல் விட்டால் மூக்கில் பறக்கும், துவைத்தால் கட்டி தட்டும். பாலியெஸ்டர் பஞ்சு இதில் மேல். கட்டித் தொங்கவிடும் கயிறு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், கழுத்தைச் சுற்றிவிடும்.

மரத்தில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிள்ளான் துறைமுகப் பக்கம் பழைய பேலட் பலகை எளிதாகக் கிடைக்கும். அதில் முத்திரை குத்தியிருப்பார்கள். எச்.டி. என்றால் சூடேற்றிப் பூச்சி கொன்றது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. சூடேற்றிய பலகையிலும் முன்பு எந்தச் சரக்கு ஏற்றினார்கள் என்பது யாருக்குத் தெரியும்? பிள்ளை கடிக்கும் பொருளுக்கு நான் இரண்டையும் தொடமாட்டேன். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சாயமும் அப்படித்தான். சாயத்தில் ஈயம் இருந்ததற்காக 2007இல் மேட்டல் போன்ற பெரிய நிறுவனமே இலட்சக்கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்று கிடையாது, அது வளரும் மூளையைப் பாதிக்கும். நம் மரப்பாச்சிக்குச் சாயமே பூசுவதில்லை. செம்மரத்தின் சொந்த நிறம்தான் அதன் நிறம்.

கடையில் விற்கும் பொம்மைகளுக்கு மலேசியாவில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் உள்ளன, எம்.சி. முத்திரையும் உண்டு. வீட்டில் நாம் தைத்ததைச் சோதிக்க யாரும் வரமாட்டார்கள்.

தாத்தாவின் பழைய வேட்டியில் ஒரு பந்து தைத்தேன். இரட்டைத் தையல். வாரம் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது அக்காள் பொறுப்பு. சத்தமே வரவில்லையே, உள்ளே ஒரு சலங்கை வைக்கலாமா என்று கேட்டார். சலங்கை ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. குழாயை எடுக்காமலே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.